ரைன் நதியின் சோதனைச் சாவடிகள்: ஐந்து நாள் குறிப்பு

முதல் நாள், திங்கள்: பிங்கன், பாகராக்

ஜெர்மனியின் மைன்ட்ஸ் நகரில் மகள் வீட்டில் பத்து நாட்கள் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டாகிவிட்டது. பதினோராம் நாள் காலையில் அவளே முதுகுப்பை ஒன்றில் துணிமணிகளையும் இரண்டு டப்பா புளியோதரையையும் அடைத்து, என்னையும் மனைவியையும் ரயில் ஏற்றிவிட்டாள். "ரைன் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள் அப்பா. திரும்பின பக்கமெல்லாம் கோட்டை. ராஜா ராணிக் கதை மாதிரி இருக்கும்" என்றாள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் வணிகவரித் துறையில் 31 ஆண்டுகள் இருந்தவன். அதில் ஆறு ஆண்டுகள் ஓசூர்ப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் கழிந்தன. இரவு இரண்டு மணிக்கு லாரியை ஓரங்கட்டச் சொல்லி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, பில்லையும் சரக்கையும் ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுதுவது வேலை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து சாவடிகளை மூடியபோது நானும் ஓய்வு பெறும் வயதில் இருந்தேன். ஆகவே இந்தக் குறிப்பில் ராஜாவும் ராணியும் குறைவாகத்தான் வருவார்கள்.

பிங்கனில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தோம். இங்கேதான் ரைன் மேற்கே போவதை விட்டுவிட்டு வடக்கே திரும்பி மலைகளுக்கு நடுவே நுழைகிறது. இங்கிருந்து கோப்லென்ஸ் வரை சுமார் 65 கி.மீ. பள்ளத்தாக்கை 2002-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இந்தத் தூரத்துக்குள் நாற்பதுக்குக் குறையாத கோட்டைகள் இருக்கின்றன. ஆனால் மைன்ட்ஸைத் தாண்டினால் கோப்லென்ஸ் வரும்வரை ஆற்றின் குறுக்கே ஒரு பாலம்கூடக் கிடையாது. கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு படகுகள்தான் கரைக்குக் கரை போய் வருகின்றன.

ஆற்றின் நடுவே ஒரு சின்னத் தீவில் எலிக்கோபுரம் நிற்கிறது. கதை இது: மைன்ட்ஸ் பேராயர் ஹாட்டோ பஞ்சகாலத்தில் தானியத்தைப் பதுக்கினாராம். பசியோடு வந்த ஏழைகளைக் களஞ்சியத்தில் பூட்டித் தீ வைத்து, உள்ளே எழுந்த ஓலத்தைக் கேட்டு "என் எலிகள் கீச்சிடுகின்றன" என்றாராம். பிறகு நிஜ எலிகள் கிளம்பி வர, இந்தக் கோபுரத்துக்குத் தப்பி ஓடியும் விடாமல் கடித்தே தின்றுவிட்டனவாம். ஜெர்மன் மொழியில் எலிக்கு 'மௌஸ்' என்று பெயர். சுங்கத்துக்கு 'மௌட்' என்று ஒரு சொல் உண்டு. கோபுரத்தின் பெயர் இரண்டாவதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எதிர்க்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இடிந்து நிற்கும் ஏரன்ஃபெல்ஸ் கோட்டை, மைன்ட்ஸ் பேராயரின் சுங்கக் கோட்டை. தீவில் ஒரு கண், கரையில் ஒரு கை. இடம் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். கீழே ஆற்றின் குறுக்கே பாறைத் திட்டு ஒன்று ஓடுகிறது. கப்பல் எப்படியும் அங்கே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். எங்கள் சாவடியையும் ஏற்றம் முடிகிற இடத்தில்தான் வைத்திருந்தார்கள்.

பிற்பகல் ரைன்ஷ்டைன் கோட்டை. பாறை நுனியில் ஒட்டிக்கொண்டு, தூக்குப்பாலம், கூர்மாடம், வண்ணக் கண்ணாடி எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்குக் கச்சிதம்தான் உறுத்தியது. விசாரித்தால், பாழடைந்து கிடந்ததை வாங்கி 1825-க்கும் 1829-க்கும் இடையில் பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் அரசின் இளவரசர் ஃபிரடெரிக் தன் ஆசைக்குக் கட்டிக்கொண்ட கோடை மாளிகை. பீரங்கி வந்த பிறகு கோட்டைக்கு வேலை போய்விட்டது. வேலை போன பிறகு அழகு வந்துவிட்டது. பழைய கோட்டை என்று நாம் படமெடுக்கிற பலவற்றுக்கும் வயது இருநூறுகூட ஆகவில்லை என்பதை அங்கேயே குறித்துக்கொண்டேன்.

குறித்துக்கொண்டேன் என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. கையில் ஒரு நோட்டு இருக்கிறது. ரயிலுக்குக் காத்திருந்த இருபது நிமிடங்களில் ஆற்றில் போன சரக்குக் கப்பல்களைக் குறித்துவைத்தேன். ஏழு. நான்கு கீழ்நோக்கி, மூன்று மேல்நோக்கி. கண்டெய்னர், கரி, எண்ணெய். "வேலையை விட்டாலும் வேலை உங்களை விடவில்லை" என்றாள் மனைவி.

இரவு பாகராக் ஊருக்கு மேலே ஷ்டாலெக் கோட்டையில் தங்கல். கோட்டையில் தங்கல் என்றதும் பயப்பட வேண்டாம், இது இளைஞர் விடுதி. எங்களைப் போன்ற முன்னாள் இளைஞர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். படுக்கை விரிப்பை நாமே விரித்துக்கொள்ள வேண்டும். அடுக்குக் கட்டிலில் கீழே மனைவி, மேலே நான். மலையேறிய மூச்சு அடங்குவதற்குள் கட்டில் ஏணியிலும் ஏற வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள், செவ்வாய்: பாகராக், காவுப்

தூக்கம் சரியாக வரவில்லை. விடுதியின் குறையல்ல. ஆற்றின் இரு கரைகளிலும் இருப்புப்பாதை. எதிர்க்கரையில் இரவு முழுக்கச் சரக்கு ரயில்கள். பள்ளத்தாக்கு ஒரு தகரக் குழாய் மாதிரி அந்தச் சத்தத்தை வாங்கி மேலே அனுப்புகிறது. இங்குள்ளவர்கள் ஆண்டுக்கணக்காக இதை எதிர்த்துப் போராடி வருகிறார்கள். ஆற்றில் சரக்கு, அதன் இரு பக்கமும் சரக்கு. எனக்கு மட்டும் ஏதோ பழைய பணியிடத்தில் படுத்திருந்தது போல இருந்தது.

விடிந்ததும் கோட்டை முற்றத்தில் நின்று பார்த்தோம். மூடுபனி ஆற்றின் மேல் ஒரு வேட்டியை விரித்தது போலக் கிடந்தது. அதன் அடியில் கப்பல் இயந்திரம் முனகுவது மட்டும் கேட்டது. எட்டரை மணிக்குப் பனி கிழிந்து கரும்பச்சைத் தண்ணீர் தெரிந்தது. செங்குத்தான சரிவுகளில் திராட்சைக்கொடிகள் மலையை வாரிச் சீவியது போல வரிசை வரிசையாக இறங்குகின்றன. காலடியில் உடைந்து கிடக்கும் கல் ஒன்றை மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு, "நம் சிலேட்டுப் பலகை!" என்றாள். அதேதான். இந்த மலையே சிலேட்டு. வீட்டுக் கூரையிலும் அதுதான், கோட்டைச் சுவரிலும் அதுதான். பகலில் வெயிலைக் குடித்து இரவில் கொடிகளுக்குச் சூடு கொடுப்பதும் அதுதான். இங்கே விளைவது பெரும்பாலும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை. அவள் அந்தக் கல்லின் மேல் இன்னொரு சில்லால் 'அ' எழுதிப் பார்த்தாள். எழுதியது.

ஷ்டாலெக் கோட்டையை 1689-இல் பிரெஞ்சுப் படைகள் வெடிவைத்துத் தகர்த்தன. பதினான்காம் லூயியின் படைகள் இந்தப் பகுதியையே எரித்துவிட்டுப் போன ஆண்டு அது. பள்ளத்தாக்கில் எந்தப் பாழடைந்த சுவரைக் காட்டிக் கேட்டாலும் பாதிக்குப் பாதி '1689' என்ற பதில்தான் வருகிறது. இன்றைய ஷ்டாலெக், 1920-களில் விடுதிக்காகவே எழுப்பத் தொடங்கியது.

இறங்கும் வழியில் வெர்னர் தேவாலயம். கூரை இல்லை, கண்ணாடி இல்லை. செந்நிற மணற்கல்லில் ஜன்னல் சட்டங்கள் மட்டும் வானத்தைச் சட்டமிட்டு நிற்கின்றன. பாகராக் என்று தேடினால் முதலில் வரும் படம் இதுதான். எல்லோரும் படமெடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். பிறகுதான் அங்கிருந்த பலகையைக் கைபேசி மொழிபெயர்ப்பில் படித்தேன்.

1287-இல் வெர்னர் என்ற பதினாறு வயதுப் பையன் இறந்துகிடந்தான். யூதர்கள்தான் கொன்றார்கள், சடங்குக்காகக் கொன்றார்கள் என்று புரளி கிளம்பியது. பள்ளத்தாக்கு முழுக்க யூதக் குடும்பங்களைக் கொன்று குவித்தார்கள். அரசர் ருடால்ஃப் அந்தப் புரளியை நம்பவில்லை. பையனின் உடலை எரித்துவிடுங்கள், வழிபாடாக்காதீர்கள் என்று ஆணையிட்டார். யாரும் கேட்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் இந்தத் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கி, அவனைப் புனிதனாகக் கொண்டாடினார்கள். மறைமாவட்ட நாட்காட்டியிலிருந்து அவன் பெயரை நீக்கியது 1963-இல். 1689-இல் மேலே கோட்டையைத் தகர்த்தபோது சரிந்த கற்கள் விழுந்து தேவாலயமும் சிதைந்தது. யூதர்களுக்கு இழைத்த தீங்குக்கு மன்னிப்புக் கேட்கும் பிரார்த்தனை ஒன்று இப்போது அங்கே இருக்கிறது. அடுத்து வந்த கூட்டம் தாவிக் குதித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் எடுத்த படங்களில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அதை அழிக்கவும் மனம் வரவில்லை, யாருக்கும் அனுப்பவும் மனம் வரவில்லை.

ஊருக்குள் 1368-ஆம் ஆண்டு மரச்சட்ட வீடு ஒன்று கோணல்மாணலாக, ஆனால் உறுதியாக நிற்கிறது. ஒரு காப்பி குடித்துவிட்டு ஆற்றோரம் நடக்க ஆரம்பித்தோம்.

ரைன் கரையில் பெரிய வெள்ளைப் பலகைகளில் கிலோமீட்டர் எண்கள் இருக்கின்றன. நம் மைல்கல் மாதிரி, ஆனால் கப்பல்களுக்கு. கான்ஸ்டன்ஸ் நகரப் பாலத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார்களாம். பாகராக் 543. காவுப் ஊரின் நீர்மட்ட அளவுகோல் இருக்கும் இடம் 546. மூன்று கி.மீ. நடந்து, படகில் எதிர்க்கரைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு சின்னப் படகில் ஆற்றின் நடுவே இருக்கும் ஃபால்ஸ்கிராஃபன்ஷ்டைன் போய்ச் சேர்ந்தோம். பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மனைவி அதற்கு 'ஆத்துக்கோட்டை' என்று பெயர் வைத்துவிட்டாள். இனி அதுவே இருக்கட்டும். திங்கட்கிழமை மூடிவிடுவார்கள் என்பதால்தான் இதை இரண்டாம் நாளில் வைத்தேன்.

இதற்காகத்தான் வந்தேன் என்று இங்கே நின்றபோது தெரிந்தது. பள்ளத்தாக்கில் உள்ள மற்றக் கோட்டைகள் போர், வேட்டை, குடியிருப்பு என்று பல வேலை பார்த்தவை. இது ஒரே ஒரு வேலைக்காகக் கட்டப்பட்டது: வரி வசூல். 1326-27-இல் பவேரிய லுட்விக் அரசர் நடு ஆற்றில் ஐந்து மூலைக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். போப்பாண்டவர் இருபத்திரண்டாம் ஜான் இதைக் கண்டித்தார். அரசர் காதில் வாங்கவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் கோபுரத்தைச் சுற்றி ஆறு மூலை மதிலும் வந்துவிட்டது. கரையில் காவுப் ஊர், அதன் தலைக்கு மேல் குட்டன்ஃபெல்ஸ் கோட்டை, நடுவில் இது. தேவைப்பட்டால் ஆற்றின் குறுக்கே சங்கிலி. லாரி ஓட்டுநர் சில சமயம் மாற்றுப்பாதையில் நழுவிவிடுவார். கப்பலுக்கு ஏது மாற்றுப்பாதை?

வாசல் வழக்கமான கோட்டை வாசல் இல்லை. வெளியே ஏணிப்படி மாதிரிச் சில படிகள், மேலே இரும்பு முனை வைத்த மரக்கதவு தொங்குகிறது. உள்ளே போனால் முற்றம் அவ்வளவு சிறிது, எங்கள் தெருக் கோயில் பிராகாரம்கூடப் பெரியது. சுற்றி மரத்தாலான காவல் நடை. நடந்தால் பலகை முனகுகிறது. மதிலில் குறுகலான துளைகள். ஒவ்வொன்றின் வழியாகவும் ஆறு ஒரு கீற்றாகத் தெரிகிறது. நீரோட்டத்தை எதிர்கொள்ளும் முனையைக் கப்பல் முகப்பு மாதிரிக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிப்பாளங்கள் அதில் மோதிப் பிளந்து போகும். அந்த முனையில் ஒரு கல் சிங்கம், கேடயத்தைப் பிடித்துக்கொண்டு. வெள்ளத்தின் உயரத்தைச் சுவரில் கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் என் தலைக்கு மேலே.

மின்சாரம் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. டிக்கெட் எடுக்கும்போதே எச்சரித்துவிடுகிறார்கள்.

வரி கட்ட மறுத்தவனை என்ன செய்வார்கள்? கிணற்றுக்குள் மிதக்கும் மரப்பலகை ஒன்றில் உட்காரவைத்து, பணம் வரும்வரை விட்டுவிடுவார்களாம். இதைக் கேட்டு மனைவி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க முடியாது. "நாங்கள் அதிகபட்சம் வண்டியை ஓரங்கட்டிவைப்போம், அவ்வளவுதான்" என்று வாக்குமூலம் கொடுத்தேன்.

அலுவலர் குடியிருந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றேன். சின்ன ஜன்னல், தடித்த சுவர். குளிர்கால இரவில் தண்ணீர் சுவரை அறைந்துகொண்டிருக்க, எண்ணெய் விளக்கில் கணக்கு எழுதிய ஒருவர் இங்கே இருந்திருப்பார். அவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. எனக்கு இந்த ஊரில் அவர் ஒருவரைத்தான் நன்றாகத் தெரியும் என்று தோன்றியது.

1813 டிசம்பர் 31 நள்ளிரவில் பிரஷ்யத் தளபதி ப்ளூஷர், நெப்போலியனைத் துரத்திக்கொண்டு இங்கேதான் மிதவைப் பாலம் கட்டிப் படையோடு ரைனைக் கடந்தார். வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இடத்தை அதற்காக நினைவில் வைத்திருக்கின்றன. நான் நினைவில் வைப்பது வேறு: கோட்டை கட்டி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே வசூல் நடந்திருக்கிறது. 1866-இல் பிரஷ்யா இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டபோதுதான் நின்றது. 1868-இல் மன்ஹைம் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, ரைனில் கப்பல் போவதற்குச் சுங்கமே கூடாது என்று ஆக்கிவிட்டது. முதலாம் குலோத்துங்கன் தன் காலத்திலேயே 'சுங்கந்தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கிவிட்டான். ரைன் அதற்கு மேலும் எழுநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் காத்திருந்தது.

இன்று காவுப் அளவுகோலுக்கு வேறொரு மரியாதை. இந்த நதியிலேயே கப்பல்களுக்கு ஆழம் போதாத முக்கியமான இடம் இதுதான். இங்கே எண் இறங்கினால் கப்பல்கள் பாதிச் சரக்கோடு போக வேண்டும், வாடகை ஏறும். 2018 அக்டோபரில் 25 செ.மீ. வரை இறங்கியது. எண்தான் 25, ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல். இருந்தாலும் அந்த ஆண்டு ஆத்துக்கோட்டைக்கு ஆட்கள் கால் நனையாமல் நடந்தே போனார்கள்.

புளியோதரையின் இரண்டாம் டப்பாவைக் காவுப் கரையில் திறந்தோம். வாத்துகள் வந்து வரி கேட்டன. கொடுத்தோம்.

மூன்றாம் நாள், புதன்: சாங்க்ட் கோவார்

சாங்க்ட் கோவார் ஊருக்கு மேலே ரைன்ஃபெல்ஸ். இது இடிபாடு, இடிபாடாகவே விட்டுவைத்திருக்கிறார்கள். ஆகவே எனக்குப் பிடித்தது. 1245-இல் காட்ஸனெல்ன்போகன் பிரபு ஐந்தாம் டீட்டர் கட்டத் தொடங்கினார். கட்டியதும் சுங்கத்தை ஏற்றினார். வணிக நகரங்களுக்குப் பொறுக்கவில்லை. 1254-இல் மைன்ட்ஸும் வோர்ம்ஸும் முன்னின்று ஒரு கூட்டணி அமைத்திருந்தன. அந்தக் கூட்டணியின் படை 1255-இல் வந்து கோட்டையை முற்றுகையிட்டது. ஒரு வருடம் பதினான்கு வாரம். கோட்டை விழவில்லை. வரி உயர்வை எதிர்த்து வணிகர்கள் கடையடைப்பு நடத்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். படையெடுத்து வந்ததை இங்கேதான் கேள்விப்பட்டேன்.

1692 டிசம்பரில் பிரெஞ்சுப் படை சுமார் 28,000 பேரோடு வந்தது. உள்ளே சுமார் 3,000 பேர். அப்போதும் விழவில்லை. இடது கரையில் மற்றக் கோட்டைகளெல்லாம் தரைமட்டமான காலத்தில் இது ஒன்று தாக்குப்பிடித்தது. அப்படிப்பட்ட கோட்டை 1794-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்ததும் ஒரு குண்டுகூடச் சுடாமல் கதவைத் திறந்துவிட்டது. அவர்கள் 1796, 97-இல் வெடிவைத்தார்கள். பிறகு கல்லுக்குக் கல் விலைபோயிற்று. நாளை மறுநாள் பார்க்கப்போகிற கோப்லென்ஸ் கோட்டைக்கு இங்கிருந்தே கற்கள் போயிருக்கின்றன. அருங்காட்சியகத்தில் முழுக் கோட்டையின் மாதிரி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், மிச்சம் எவ்வளவு கொஞ்சம் என்று புரிகிறது. அந்தக் கொஞ்சத்துக்கே ஒரு காலைப்பொழுது போதவில்லை.

நிலவறை ஒன்று: 24 மீட்டர் நீளம், 16 மீட்டர் உயரம், நடுவில் தூணே இல்லாத வளைவுக் கூரை. கோட்டைக்காரர்களின் மது இருப்பு இங்கேதான். மதிலுக்கு அடியில் சுரங்கப் பாதைகளும் உண்டு. மேலே எதிரி வந்து நின்றால் கீழிருந்து வெடிவைப்பதற்காகத் தோண்டியவை. ஒன்றில் மட்டும் குனிந்து நுழைந்தேன். கைபேசி விளக்கில் ஈரச் சுவர், பத்தடி தள்ளி வளைவு, அதற்கப்பால் இருட்டு. முழங்கால், கழுத்து, மானம் மூன்றும் ஒரே நேரத்தில் எதிர்ப்புத் தெரிவித்ததால் பின்னோக்கியே வெளியே வந்தேன். மனைவி வாசலில் புளிப்பு மிட்டாயைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வெடி வைத்துவிட்டீர்களா?" என்றாள்.

எதிர்க்கரையில் இரண்டு கோட்டைகள். ஒன்று அதே காட்ஸனெல்ன்போகன் குடும்பத்தினுடையது. நீளப் பெயரைச் சுருக்கி ஊர் அதைக் 'காட்ஸ்', அதாவது பூனை என்றது. சற்றுத் தள்ளி ட்ரியர் பேராயருக்குச் சொந்தமான சிறிய கோட்டை, அதற்கு 'மௌஸ்', எலி. எலியைப் பூனை பார்த்துக்கொண்டிருந்தது என்று வைத்த கேலிப் பெயர் அறுநூறு ஆண்டுகளாக நிலைத்துவிட்டது. பூனையை 1806-இல் நெப்போலியன் தகர்த்தார். இன்று நிற்பது 1890-களில் திரும்பக் கட்டியது. எலியாவது பூனையாவது, இரண்டும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தன.

லோரலை பாறையைச் சொல்லாவிட்டால் மகள் கோபித்துக்கொள்வாள். 132 மீட்டர் உயரம். ஆறு அங்கே மிகக் குறுகி, மிக ஆழமாகி, வளைகிறது. உச்சியில் உட்கார்ந்து தலைவாரிய பெண்ணின் பாட்டில் மயங்கிப் படகோட்டிகள் பாறையில் மோதிச் செத்தார்களாம். ஹைன்ரிஷ் ஹைன 1824-இல் எழுதிய கவிதைதான் அதை உலகத்துக்குக் கொண்டுபோனது. கதைக்கு அதைவிட வயது அதிகம் ஆகிவிடவில்லை. கிளெமென்ஸ் ப்ரென்டானோ 1801-இல் உருவாக்கிய பாத்திரம் அவள். பாறை பாறை மாதிரிதான் இருக்கிறது. அதன் அடியில் போகும் ரயில் சுரங்கத்தின் வாய்க்குக் கோட்டை வாசல் மாதிரி கோபுரம் வைத்துக் கட்டியிருப்பதைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயிலுக்குக்கூடக் கோட்டை வேஷம் போட்டிருக்கிறார்கள். வளைவில் எதிரே கப்பல் வருகிறதா என்று எச்சரிக்க இப்போது விளக்குச் சமிக்ஞை இருக்கிறது. பாட்டுக்காரிக்குக் கட்டாய ஓய்வு.

நோட்டில் இன்று: 31 கப்பல்.

நான்காம் நாள், வியாழன்: போப்பார்ட்

மழை. போப்பார்ட்டில் நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கோட்டை மதில், வீடுகளுக்கு நடுவே இன்னும் நிற்கிறது. ஒரு வீட்டின் பின்சுவரே அதுதான். நாற்காலி ரோப்காரில் ஏறி மேலே போனால் வளைந்து வளைந்து போகும் ஆறு நான்கு தனித்தனி ஏரிகளாகத் தெரியுமாம். எங்களுக்கு ஒரே வெள்ளை ஏரிதான் தெரிந்தது, மேகம்.

மாலையில் கோப்லென்ஸ். முன்பதிவு செய்த விடுதியில் எங்கள் பெயர் அடுத்த மாதத் தேதியில் இருந்தது. தவறு அவர்களுடையதா, மகளுடையதா என்று விசாரிக்கும் தெம்பு இல்லை. நனைந்த பையோடு நாற்பது நிமிடம் நின்ற பிறகு, துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. சத்தம் உண்டு. ஆனால் சாக்ஸ் எல்லாம் உலர்ந்துவிட்டது. அதுவரையில் லாபம்.

ஐந்தாம் நாள், வெள்ளி: மார்க்ஸ்பர்க், கோப்லென்ஸ்

வானம் வெளுத்தது. வலது கரை ரயிலில் பிரௌபாக் போய், மூச்சிரைக்க மலையேறினால் மார்க்ஸ்பர்க். இந்தப் பள்ளத்தாக்கின் மலைக்கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாதது இது ஒன்றுதான். 1945 மார்ச்சில் எதிர்க்கரையிலிருந்து அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகள் விழுந்து சேதமானதைத் தவிர, யாரும் இதைத் தகர்க்கவில்லை. 1900-இலிருந்து ஜெர்மானியக் கோட்டைப் பாதுகாப்புச் சங்கத்தின் கையில் இருக்கிறது. தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டியோடுதான்.

வழிகாட்டி ஒரு இளம்பெண். கொத்துச் சாவி இடுப்பில். ஒவ்வொரு கதவையும் திறந்து, எங்களை உள்ளே விட்டு, எண்ணிப் பார்த்துப் பூட்டினாள். வாசலைத் தாண்டியதும் பாறையையே வெட்டிச் செய்த அகலமான படிகள், குதிரை ஏறிப் போவதற்காக. ஆயிரம் குளம்புகள் தேய்த்த பளபளப்பு. மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். குதிரைக்கு வசதி, நமக்கில்லை.

சமையலறையில்தான் அவள் நின்றுவிட்டாள். ஒரு ஆள் நின்றபடி நுழையக்கூடிய அடுப்பு வாய், தொங்கும் சங்கிலிக் கொக்கியில் ஒரு பெரிய அண்டா, கரிபடிந்த உத்தரம். கொக்கியின் உயரத்தை மாற்றித்தான் தீயைக் கூட்டுவதும் குறைப்பதும். "அண்டாவை இறக்க எத்தனை பேர்?" என்று கேட்கச் சொன்னாள். நான் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். வழிகாட்டி சிரித்து இரண்டு விரலைக் காட்டினாள். "நம் கல்யாண வீட்டில் மாதிரித்தான்" என்று மனைவி திருப்தியோடு நகர்ந்தாள். நான்கு நாட்களில் பார்த்த சிம்மாசன அறைகளும் வண்ணக் கண்ணாடிகளும் அவளுக்கு ஒரு பக்கம், இந்த அண்டா ஒரு பக்கம்.

விருந்து மண்டபத்தின் மூலையில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கழிப்பறை, கீழே நேராகத் தோட்டம். அந்தக் கதவின் தாழ்ப்பாள் மண்டபப் பக்கம் இருக்கிறது, உள்ளே போகிறவரின் பக்கம் இல்லை. எதிரி அந்தத் துளை வழியாக ஏறி வந்தாலும் மண்டபத்துக்குள் நுழைய முடியாதாம். மானத்தைவிடப் பாதுகாப்பு முக்கியம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

மேல்முற்றத்தில் பீரங்கிகள் வரிசையாக ஆற்றைப் பார்த்து நிற்கின்றன. மூலிகைத் தோட்டத்தில் நின்றால் ஒரு பக்கம் ரைன், மறுபக்கம் மலைமேல் மூன்று நெட்டைப் புகைபோக்கிகள். பழைய ஈய, வெள்ளி உருக்காலையினுடையவை. பயணப் படங்களில் அவற்றை லாகவமாகத் தவிர்த்துவிடுகிறார்கள். நான் சேர்த்தே எடுத்தேன்.

கோப்லென்ஸ் திரும்பி, 2011 தோட்டக் கண்காட்சிக்காகப் போட்ட ரோப்காரில் ஆற்றைக் கடந்து ஏரன்பிரைட்ஷ்டைன் கோட்டைக்குப் போனோம். பிரஷ்யர்கள் 1817-இலிருந்து 1828 வரை கட்டியது. ராட்சதத்தனம்தான், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. ரைன்ஃபெல்ஸின் கற்கள் எந்தச் சுவரில் இருக்கின்றன என்று தேடினேன். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருந்தது.

இருட்டுவதற்குள் கீழே இறங்கி, மோசல் நதி வந்து ரைனில் சேரும் முனைக்கு வந்தோம். முதலாம் வில்ஹெல்ம் பேரரசர் பிரம்மாண்டமாகக் குதிரைமேல் இருக்கிறார். 1897-இல் வைத்த சிலை 1945-இல் குண்டடிபட்டு விழுந்து, 1993-இல் திரும்ப ஏறியது. இரண்டு நதிகளின் நிறமும் கொஞ்ச தூரம் கலக்காமலே போகின்றன, மோசல் பழுப்பு, ரைன் பச்சை. படிக்கட்டில் உட்கார்ந்தோம். மனைவி பையிலிருந்து காலையில் வாங்கிய ரொட்டியை எடுத்தாள். நான் நோட்டை எடுத்தேன்.

மேலிருந்து ஒரு நீளமான கப்பல் வந்தது. மூன்றடுக்குக் கண்டெய்னர். பின்பக்கம் மாலுமியின் வீடு, ஜன்னலில் லேஸ் திரை, கூரைமேல் ஒரு சிவப்புக் கார், குழந்தை விளையாடும் ஊஞ்சல் ஒன்று. பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் முனையைக் கடந்துவிட்டது.

"மணி என்ன?" என்றேன்.

"ஆறு பத்து. ரயில் ஆறு ஐம்பதுக்கு."

எழுதினேன்: 18.10. கீழ்நோக்கி. கண்டெய்னர், மூன்றடுக்கு. பெயர் தெரியவில்லை. நிறுத்தவில்லை.